துணை அமைச்சரின் இடது கை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருக்க வேண்டும். முதுகையும் இடது கையையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நானும் சௌக்கியமே.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மெஷின் வருமா வராதா என்று கேட்டிருந்தாய். வருகிறது. நம் ஆஸ்பத்திரிகளுக்கு மெஷின் கொடுக்க எட்டு நாட்டுக் கூட்டமைப்பு நம் நாட்டோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது, நேற்றுதான் கையெழுத்தானது. அத்தான் இனிமேல் விடிவதற்குள் பஸ் பிடித்து, வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்து, வாடி வதங்கித் திரும்ப வேண்டாம். இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் நான் பட்ட பாட்டை யாரிடமாவது கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

வெளியுறவுத் துறையில் தம்பி இருக்கிறான் என்று நீ ஊரெல்லாம் பெருமை பேசுகிறாய். தம்பிக்கு வேலை நாற்காலி போடுவது. எந்தக் கொடிக்குப் பக்கத்தில் எந்தக் கொடி, யார் முன்னால் எந்தத் தண்ணீர் பாட்டில், இதிலேயே தலை நரைத்துவிட்டது. இந்தக் கூட்டமைப்புக்காரர்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று, கைகளைக் குறுக்கே போட்டு, இந்தப் பக்கத்து ஆள் கையை அந்தக் கையாலும், அந்தப் பக்கத்து ஆள் கையை இந்தக் கையாலும் பிடித்துக்கொண்டு சங்கிலி மாதிரி படம் எடுத்துக்கொள்ள வேண்டும். படம் இல்லாவிட்டால் கையெழுத்து செல்லாது. நம் துணை அமைச்சருக்கோ இடது தோள் இறுகிப்போய்க் கை சும்மா தொங்குகிறது, குறுக்கே வருவேனா என்கிறது. இது எங்களுக்குத் தெரிய வந்தது எட்டு மந்திரிகளும் மேடையேறிக் கையை நீட்டிய பிறகு.

கூட்டமைப்பின் அதிகாரி அம்மாளிடம் ஓடினேன். "வரிசையில கடைசியா நிறுத்திடலாம்மா, ஒரு கை போதும்" என்றேன்.

"கூட்டாளி நாடு நடுவுலதான் நிக்கணும். ஓரத்துல நிறுத்தினா ஒதுக்கி வச்சதா ஆயிடும்."

"அப்ப கை கோக்காமலே எடுத்துக்கலாமே?"

"முறையை மாத்தணும்னா எட்டு நாடும் சம்மதிக்கணும். அதுக்குத் தனியா கூட்டம் போடணும். எனக்கும் கால் கடுக்குதுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

எங்கள் இயக்குநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க கை சும்மாத்தானே இருக்கு?"

அப்புறம் என்ன, துணை அமைச்சரின் மாற்றுக் கோட்டை என்மேல் மாட்டிவிட்டார்கள். அவர் முதுகுக்குப் பின்னால், கொடிகளுக்கு நடுவே குனிந்து நின்று, அவர் அக்குள் வழியாக என் இடது கையை நீட்டினேன். அதை ஏதோ ஒரு நாட்டு மந்திரி பிடித்தார் பார், உடும்புப்பிடி! ஆள் யாரென்று இன்னும் எனக்குத் தெரியாது. புகைப்படக்காரர் லென்ஸ் மாற்றினார், மாற்றியதைத் திரும்ப மாற்றினார். துணை அமைச்சர் மெல்ல, "தம்பி, மூச்சு விடாதீங்க, முதுகு கூசுது" என்றார். இடுப்பு ஒடிகிறது, கை மரத்துப்போகிறது, படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா என்று அழுகையே வந்துவிட்டது அக்கா. உருவிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அத்தான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பது கண்ணில் வந்தது, அதனால் கையை எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்தது. இனி இந்தப் பிழைப்பு வேண்டாம் என்று ராஜினாமா எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறேன். காலையில் கொடுத்துவிட்டு, நேரே உங்கள் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கப் போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இயக்குநர் போன் செய்தார். கூட்டமைப்பின் தலைமையகத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். சொந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தும் துணை அமைச்சர் மறந்து தொங்கவிட்டிருக்கிறார். படத்தில் அவருக்கு மூன்று கை. படம் செல்லாததால் கையெழுத்தும் செல்லாதாம். அடுத்த மாதம் எட்டுப் பேரும் திரும்ப வருகிறார்கள். தோள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மெஷின் விஷயத்தை அத்தானிடம் இப்போது சொல்லிவிடாதே. ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். என் இடத்தில் வேறு ஒருவனைக் குனிய வைத்தால், இடுப்பு வலித்ததும் கையை உருவிக்கொள்வான். அவனுக்கென்ன, அவன் அத்தானா பஸ்ஸில் போகிறார்?