கூர்முனை கண்டுகொள்ளாத பேராசிரியர்

இந்த மாத இதழிலும் கூர்முனை பேராசிரியரைத் திட்டவில்லை.

கூர்முனை என்பது புனைபெயர். ஆள் யாரென்று எவருக்கும் தெரியாது. அரசியல் தத்துவம் எழுதுகிறவர்களை அந்த இதழில் ஒவ்வொருவராகக் கிழித்துத் தொங்கவிடுவார். கிழிபட்டவர்களுக்கு உடனே மதிப்புக் கூடிவிடும். துறைத் தலைவர் இரண்டு முறை கிழிபட்டிருந்தார்.

ஆண்டுக் கடைசியில் இதழ் ஒரு கருத்தரங்கு நடத்தும். ஓய்வு பெறுவதற்குள் ஒரு தடவையாவது அதில் சிறப்புரை ஆற்றிவிட வேண்டும் என்பது பேராசிரியரின் ஆசை. திட்டக்கூட ஆள் இல்லாதவரை யார் கூப்பிடுவார்கள்?

"என்னை மட்டும் ஏன் விட்டுட்டான்?" என்றார் மனைவியிடம்.

"ஜனங்க வாயைத் திறக்கலைன்னா ஆட்சியை ஏத்துக்கிட்டாங்கன்னு நீங்கதானே புத்தகம் போட்டீங்க? அவரும் ஏத்துக்கிட்டார்னு வெச்சுக்கோங்க."

"கிண்டலா?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா."

அன்றே உட்கார்ந்து தன் புத்தகத்தைத் தானே கிழித்தார். 'பயத்தில் வாயடைத்து நிற்பவனை, ஒப்புக்கொண்டவன் என்கிறார் பேராசிரியர்' என்று தொடங்கினார். அடியில் கூர்முனை என்று போட்டு அனுப்பினார்.

அச்சில் வந்தது. மாணவர்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

"நெத்தியடி சார்," என்றாள் ஆய்வு மாணவி. பிறகு யார் முன்னால் நிற்கிறோம் என்று நினைவு வந்து, "பாவம் சார் நீங்க," என்றாள்.

சொந்தப் பெயரில் மறுப்பு எழுதினார். கூர்முனையின் மூன்றாவது பத்திக்கு அவரிடம் பதில் இல்லை. சுற்றி வளைத்தார்.

"நல்லா சமாளிச்சிருக்கீங்க," என்றார் துறைத் தலைவர். புத்தகத்தைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல், அடுத்த மாதம் கூர்முனையை மன்னிப்புக் கேட்க வைத்தார். 'அவசரப்பட்டுவிட்டேன். பேராசிரியர் சொன்னதே சரி.'

"வயசானவர், போனாப் போகுதுன்னு விட்டுட்டார்டா," என்று வராந்தாவில் ஒரு குரல் கேட்டது. "கூர்முனைக்குப் பெரிய மனசு."

வீட்டில் மனைவி இதழை மூடி வைத்தாள்.

"முதல்ல எழுதினதுதான் நியாயம். இத்தனை வருஷம் நான் பேசாம இருந்ததை நீங்க என்னன்னு எடுத்துக்கிட்டீங்கன்னு இப்பதான் புரியுது."

மறுநாள் பேராசிரியர் இதழ் அலுவலகத்துக்குப் போனார். இதழாசிரியர் மெய்ப்புத் தாள்களுக்கு நடுவே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னைத் திட்டினதும் நான்தான், மன்னிப்புக் கேட்டதும் நான்தான்," என்றார் பேராசிரியர்.

"தெரியும் சார். உட்காருங்க."

"அப்ப நிஜக் கூர்முனை யாரு?"

"அப்படி ஒரு ஆளே கிடையாது. எல்லாரும் அவங்கவங்களையே திட்டி அனுப்புவாங்க, நாங்க போடுவோம். உங்க துறைத் தலைவரே ரெண்டு தடவை அனுப்பியிருக்கார்."

இதழாசிரியர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க ஒருத்தர்தான் சார் அனுப்பாம இருந்தீங்க. அதுக்காகவே இந்த வருஷச் சிறப்புரை உங்களுக்குத்தான்னு முடிவு பண்ணி வெச்சிருந்தோம்."