கல்யாண செட்டும் நான் கட்டிய குளமும்

எனக்குக் கவலைப்படக் காரணமே வேண்டாம். அப்படி ஒரு காரணம் கிடைத்துவிட்டால் சும்மா இருக்க மாட்டேன், அதைச் சரிசெய்யக் கிளம்பிவிடுவேன். எங்கள் வீட்டில் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான்.

மயிலாப்பூரில் மாமியாரின் பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டிக்கொண்டிருந்த வருடம் அது. அவர் பெங்களூருக்கு, மகன் வீட்டுக்குப் போனார். போகும்முன் கொலு பொம்மைகளை மந்தைவெளியில் எங்கள் வீட்டு லாஃப்ட்டில் ஏற்றச் சொன்னார். அதில் ஓர் அட்டைப்பெட்டி அவருக்கு உயிர். அவர் கல்யாணத்துக்கு அவருடைய அம்மா கொடுத்த கல்யாண செட். அத்தனையும் காகிதக்கூழ் பொம்மைகள்.

நாங்கள் இருப்பது மேல்மாடி. லாஃப்ட்டுக்கு நேர்மேலே மொட்டை மாடி. மே மாதம் ஏதோ சாமான் எடுக்க அதற்குள் தலையை விட்டேன். இட்லிப் பானைக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. அன்றோடு என் நிம்மதி போயிற்று. பெயிண்ட் உரிந்துவிடுமோ? மணப்பெண்ணின் மூக்கு வெடித்துவிடுமோ? போதாக்குறைக்கு மாமியார் தினமும் போன் செய்வார்.

"மாப்ளே, பொம்மையெல்லாம் பத்திரமா இருக்கோன்னோ?"

(நான் பத்திரமாக இருக்கிறேனா என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.)

மாடியில் தண்ணீரைத் தேக்கினால் கீழே சில்லென்று இருக்கும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். எனக்குப் போதாதா? ஞாயிற்றுக்கிழமை காலை, மழைத்தண்ணீர் இறங்கும் குழாயைப் பழைய லுங்கியால் அடைத்து, மோட்டாரைப் போட்டு, கணுக்கால் அளவு நிரப்பினேன். (ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் மாதத்தில்!) வாட்ச்மேன் மேலே வந்து பார்த்தார்.

"இன்னா சார், மாடில கொளம் கட்டிக்கினு கீறீங்க? தளம் தாங்குமா?"

"தாங்கும், தாங்கும்" என்றேன், ஏதோ நானே நின்று கம்பி கட்டியவன் மாதிரி.

தாங்கத்தான் செய்தது. லாஃப்ட் ஜில்லென்று ஆனது. மூன்று நாள் ராஜா மாதிரி உலவினேன். நாலாம் நாள் என் மனைவி வித்யா கூப்பிட்டாள். "இங்க வாயேன். லாஃப்ட்லேர்ந்து ஏன் சொட்டறது?"

ஐயோ! ஏணியைப் போட்டுப் பெட்டியை இறக்கினேன். அடியட்டை கையோடு வந்தது. யானை உட்கார்ந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் தவிலுக்குள் பாதி இறங்கியிருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி ஒரே உருண்டை. பிரிக்கப் பயந்து அப்படியே காயவைத்தோம். காய்ந்து கல்லாகிவிட்டது.

அதற்கப்புறம் நாலு மாதம் போன் மணி அடித்தாலே அதை வித்யாவிடம் நீட்டுவேன், அவள் திருப்பி என்னிடமே நீட்டுவாள். "பத்திரமா இருக்கோன்னோ?" "ம்ம்." இப்படியே ஓட்டினேன். புரட்டாசியில் மாமியார் வந்து இறங்கினார். உருண்டையை அவர் மடியில் வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே நின்றிருக்கலாமே, ஓட வசதியாக இருந்திருக்குமே என்று தோன்றியது.

"ஒரு பிளேடு இருந்தா மெதுவா பிரிச்சுடலாம்மா" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பிரிக்காதேங்கோ மாப்ளே. நாப்பது வருஷமா தள்ளித் தள்ளியே நின்னுண்டிருந்தா. இப்பவாவது ஒண்ணா இருக்கட்டும்."

இன்றும் கொலுவில் நடுப்படி அவர்களுக்குத்தான். யார் வந்து கேட்டாலும் மாமியார் என்னைக் கைகாட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். (போன வருடம் கேட்டபோது தண்ணீர் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது.) புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்தால் சுண்டலோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு.

"ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்கோ. இல்லேன்னா எங்க மாப்பிள்ளையை ஒரு குடம் தண்ணியோட அனுப்பி வெப்பேன்."