மூன்று நாள் அறுத்தும் விழாத பலாமரம்

ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் உண்டு என்பது இருபத்தேழு வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. எதிரில் உட்கார்ந்து கேட்பவரின் ஒரே இதயம் என் பேச்சால் எப்போது நிற்கும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நான் ஒரு தகவல் பைத்தியம். அதுவும் காட்டு விலங்குகளைப் பற்றிய தகவல் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். யானை காலால் கேட்கும் என்பேன். ஒட்டகச்சிவிங்கி நாக்கால் காது குடையும் என்பேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காளப்பநாயக்கன்பட்டியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். வேலை கொஞ்சம், பொழுது நிறைய. வீடியோ பார்த்துப் பார்த்தே வனவிலங்கு நிபுணன் ஆனவன் நான். நேரில் மிக அருகில் பார்த்த காட்டு உயிர் என்றால், ஒருநாள் கடைக்குள் நுழைந்த ஓணான். (பக்கத்து டீக்கடைக்காரர் வந்து அதை விரட்டும்வரை மேசை மேல் நின்றுகொண்டிருந்தேன்.)

பார்த்ததோடு நிற்கவில்லை. சொந்தமாக ஒரு யூடியூப் சேனலும் தொடங்கினேன். தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு, ‘வணக்கம் நண்பர்களே! உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஆரம்பிப்பேன். சந்தாதாரர்கள் நாற்பத்து மூன்று பேர். அதில் பாதி, பழுது பார்க்க வந்த போன்களில் உரிமையாளருக்குத் தெரியாமல் நானே அமுக்கிச் சேர்த்தவை.

இப்படிப்பட்டவனுக்கும் பெண் கொடுத்தார்கள். மனைவி மல்லிகாவுக்குச் சொந்த ஊர் கொல்லிமலையில் தேவனூர் நாடு. கல்யாணமாகி வந்த முதல் ஆனியில், அவள் தங்கை தங்கத்துக்கு நிச்சயம் என்று நான்கு நாள் முன்னதாகவே இரண்டு பேரும் கிளம்பினோம். காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் வளைவுக்கு ஒன்று என்று தகவல் சொல்லிக்கொண்டே போனேன். கரடி மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு கறையானை உறிஞ்சும் விதத்தைச் சத்தத்தோடு செய்து காட்டியபோது முப்பதாவது வளைவு. மல்லிகா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். இல்லை என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

மாமனார் வெள்ளையன் அதிகம் பேசாதவர். மிளகு, மரவள்ளி, கொஞ்சம் கொய்யா, எல்லையில் பெரிய பலாமரம் ஒன்று. அந்தப் பலாமரம்தான் விஷயமே. மரத்துக்குக் கீழ்ப்பக்கம் பொன்னுசாமியின் தோட்டம். மரம் யாருடையது என்று இரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. இப்போது தங்கத்தை நிச்சயம் பண்ணப் போவது அந்தப் பொன்னுசாமியின் மகனுக்கு. மரம் இருவருக்கும் பொது, யாரும் கை வைக்கக் கூடாது என்று ஊர் முன்னால் பேசி முடித்திருந்தார்கள். மரத்தில் இருந்த பழங்கள் நிச்சயத்தன்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து அறுத்துச் சாப்பிட என்று ஏற்பாடு.

குரங்குகளுக்கு இந்த ஒப்பந்தம் தெரியாது. நாங்கள் போன அன்றே ஒரு கூட்டம் வந்து கொய்யாவில் பாதியை முடித்துவிட்டுப் பலாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமனார் தகரத்தைத் தட்டினார். ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

“மாமா, குரங்குக்குப் பரம்பரை எதிரி யாரு தெரியுமா? சிறுத்தை! பொறந்ததுல இருந்து சிறுத்தையப் பாக்காத குரங்குகூட அதோட புள்ளியப் பாத்தா ஓடிருமுங்க” என்றேன்.

“அப்படீங்களா மாப்ள” என்றார் மாமனார்.

(அவருடைய ‘அப்படீங்களா மாப்ள’வுக்கு, ‘போதும், நிறுத்துங்க’ என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது.)

கடையிலிருந்து கொண்டு வந்திருந்த ஸ்பீக்கர் பையில் இருந்தது. மெமரி கார்டில் என் சேனலின் வீடியோக்களுக்கான ஒலிப்பதிவு எல்லாம் இருந்தது. சிறுத்தையின் குரலும் இருந்தது. புலி உறுமலும் இருந்ததுதான். ஆனால் நான் சாமானியனா? குரங்கின் எதிரி சிறுத்தை என்றால் சிறுத்தையின் குரல்தான் போடவேண்டும். புலி உறுமல் பாமரர்களுக்கு.

சிறுத்தையின் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? (பாருங்கள், இன்னும் விடவில்லை.) புலி, சிங்கம் மாதிரி அது கர்ஜிக்காது. ரம்பம் போட்டு மரம் அறுப்பது போல இருக்கும். கர்க், கர்க், கர்க் என்று இழுத்து இழுத்து. அதுதான் அதன் விசேஷம்.

மறுநாள் காலை பலாமரத்தின் கவட்டையில் ஸ்பீக்கரைக் கட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி வைத்து, முழுச் சத்தத்தில் போட்டுவிட்டேன். கர்க், கர்க், கர்க். குரங்குக் கூட்டம் அலறி அடித்துக்கொண்டு ஓடியது. கொல்லிமலையைக் காப்பாற்றியவன் போல இடுப்பில் கை வைத்து நின்றேன்.

மல்லிகா காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். “ஏனுங்க, இது மரம் அறுக்கறாப்பலயே இருக்குதுங்க.”

“அதுதான்டி சிறுத்தை. உனக்கு அதெல்லாம் புரியாது.”

சிறுத்தை கத்தும் மலையில் பிறந்து வளர்ந்தவளிடம், ஓணானுக்கு மேசை மேல் ஏறியவன் சொன்னது இது.

இரண்டாம் நாள் குரங்குகள் பக்கத்து மரம்வரை வந்து உட்கார்ந்து கேட்டன. சிறுத்தை ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு காலை முதல் மாலைவரை மூச்சு விடாமல் கத்தாது என்கிற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை. அவற்றுக்குத் தோன்றிவிட்டது. மூன்றாம் நாள் அந்தக் கிழட்டுக் கடுவன் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே சாய்ந்து உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. விரட்டலாம் என்று கல் எடுத்தேன். அது பல்லைக் காட்டியது. கல்லைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காபி குடித்தேன்.

அப்போதுதான் வாசலில் பைக் சத்தம். முன்னால் காக்கிச் சட்டையில் வனக்காப்பாளர், பின்னால் பொன்னுசாமி. அவருக்குக் கண் சிவந்திருந்தது.

“வெள்ளையா, நாளைக்கு நிச்சயத்த வெச்சுக்கிட்டு இன்னைக்கு மரத்த அறுக்கறியா? மூணு நாளா ரம்பச் சத்தம் கேக்குது. எங்காதென்ன செவுடா?”

மலையில் சொந்தப் பட்டா நிலத்து மரத்தைக்கூட அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. பொன்னுசாமி நேரில் வந்து கேட்கக் கௌரவம் தடுத்து, நேராகப் போன் போட்டு வனத்துறையிடம் சொல்லிவிட்டார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாராம். மரம் எப்போது விழும் என்று காத்திருந்தாராம்.

மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். “நான் குடுத்த வாக்க மாத்தற ஆளுங்களா? மரத்துல கை வெக்கலீங்க. வந்து பாருங்க.” மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. சொல்லவேண்டிய ஆள் நான்தான். வாயில் காபி இருந்தது. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. உள் கதவைப் பிடித்துக்கொண்டு தங்கம் அழுவது தெரிந்தது.

எல்லாரும் பலாமரத்துக்குப் போனோம். மரம் முழுசாக நின்றது. ஸ்பீக்கரைக் காணோம். ஆனால் கர்க், கர்க், கர்க் என்று சத்தம் மட்டும் கேட்கிறது. அதுவும் கீழே, பொன்னுசாமியின் சில்வர் ஓக் தோப்பிலிருந்து!

வனக்காப்பாளர் மெதுவாகத் திரும்பினார். “ஏனுங்க பொன்னுசாமி, உங்க தோட்டத்துலதான மெஷின் ஓடுது?”

“சாமி சத்தியமா இல்லீங்க!” பொன்னுசாமி கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குள் சத்தம் அடுத்த மரத்துக்குப் போனது. பிறகு அதற்கடுத்த மரத்துக்கு.

“மரத்து உச்சியிலயா நின்னு அறுக்கறான்?” என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார் வனக்காப்பாளர்.

இனியும் பேசாமல் இருந்தால் மாமனார் முகத்தில் விழிக்க முடியாது என்று தைரியம் வந்து முன்னால் போனேன். எங்கிருந்து சொல்லவேண்டும்? ஸ்பீக்கரிலிருந்து. நான் எங்கிருந்து சொன்னேன்?

“சார், அது ரம்பம் இல்லீங்க. சிறுத்தை!”

அவ்வளவுதான். “சிறுத்தையா!” என்று பொன்னுசாமி பாறை மேல் ஏறினார். கீழே அவர் வீட்டில் யாரோ ஆட்டைப் பிடிச்சுக் கட்டு என்று கத்த, தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வனக்காப்பாளர் கம்பை எடுத்துக்கொண்டு, மற்றொரு கையில் போனை வைத்து மேலதிகாரியின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். “அய்யய்யோ, நெஜ சிறுத்தை இல்லீங்க சார்” என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அந்த நேரத்தில், சில்வர் ஓக் உச்சியில் ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டிருந்த கடுவன் ஏதோ ஒரு பட்டனை அமுக்கியது. சிறுத்தை நின்றது. பிறகு தேவனூர் நாடு முழுக்கக் கேட்கும்படி, தொண்டையைக் கனமாக்கிய என் குரல் வானத்திலிருந்து இறங்கியது.

“வணக்கம் நண்பர்களே! உங்களுக்குத் தெரியுமா? குரங்குகள் மனிதர்களை எளிதாக ஏமாற்றிவிடும்!”

எல்லாரும் மேலே பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள்.

“இது உங்க கொரலு மாதிரி இருக்குதுங்களே” என்றார் வனக்காப்பாளர்.

நிறுத்தவும் வழியில்லை. முழுதாக எட்டு நிமிடம் ஓடியது. குரங்கின் கன்னத்தில் பை இருக்கிறது, கிடைத்ததை எல்லாம் அதில் திணித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பிறகு நிதானமாக மெல்லும் என்று நான் உச்சியிலிருந்து விளக்க, கடுவன் இரண்டு கன்னமும் புடைக்க எங்கள் வீட்டுக் கொய்யாவை மென்று காட்டியது. என் சேனலின் வரலாற்றிலேயே ஆரம்பம் முதல் முடிவுவரை ஆட்கள் நின்று கேட்ட ஒரே வீடியோ அதுதான். ‘பிடித்திருந்தால் லைக் போடுங்கள்’ என்று குரல் கெஞ்சியபோது மல்லிகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று பயந்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வராமல், முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடுவனுக்கே பொறுக்கவில்லை போலும். ஸ்பீக்கரைத் தூக்கிப் பாறையில் எறிந்தது.

வனக்காப்பாளர் அங்கேயே உட்காரவைத்து என்னிடம் எழுதி வாங்கினார். ‘இனிமேல் நான் சிறுத்தை போல் சத்தம் எழுப்ப மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே கையெழுத்து. சாட்சி, பொன்னுசாமி. கையெழுத்துப் போடும்போது அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு மாமனாரிடம் திரும்பினார்.

“வெள்ளையா, எம்பையன் அவ்வளவா படிக்கலியே, உம்மூத்த மாப்ளைக்குச் சமானமா நிக்க முடியுமான்னு மனசுல ஒரு கொறை இருந்துச்சு. இன்னைக்குப் போச்சு. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வந்தர்றோம்.”

மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. நிச்சயம் நன்றாக நடந்தது. பலாப்பழத்தை மட்டும் கடைத்தெருவில் போய் வாங்கி வந்தார்கள். மரத்தில் இருந்ததை, நாங்கள் எல்லாரும் அண்ணாந்து என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த எட்டு நிமிடத்தில், மீதிக் கூட்டம் எங்கள் முதுகுக்குப் பின்னால் பிய்த்துத் தின்றுவிட்டிருந்தது.

அன்றிலிருந்து தேவனூர் நாட்டில் எனக்குப் பெற்றோர் வைத்த பெயர் செல்லாது. ‘அறுவை மாப்ள.’ மரம் அறுத்ததற்காகவா, பேசி அறுப்பதற்காகவா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். இரண்டுக்கும்தான் என்று மல்லிகா பொறுமையாக விளக்குவாள். சேனலை மூடிவிட்டேன். ஆனால் வாயை மூட முடியவில்லை. போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது ஆறு வயது மகளிடம், “கண்ணு, ஆந்தை தன் கழுத்த எவ்வளவு தூரம் திருப்பும் தெரியுமா?” என்று ஆரம்பித்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

“அம்மா, சீக்கிரம் வா! அப்பா மரம் அறுக்க ஆரம்பிச்சுட்டாரு!”