பர்சென்ட் வாங்கிக் கொடுத்த கார்

வண்டி ஓட்டத் தெரியாமலே, ஸீட் கவர் இலவசம் என்பதற்காகக் கார் வாங்கக் கிளம்பியவன் நான். கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் எங்களுக்கு ஜவுளிக்கடை. தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்பு வேட்டியின் விலையை ஏற்றி எழுதி, அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பழைய விலைக்கே ‘தள்ளுபடி’ என்று விற்கிற வம்சம். அப்பேர்ப்பட்ட வம்சத்தில் பிறந்தவன் பெங்களூர் ஷோரூம் ஒன்றில் அதே சிவப்பு மையைப் பார்த்து வாயைப் பிளந்தேன். என் தம்பிகள் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என்னைக் காப்பாற்ற வந்தவர் பர்சென்ட். அவர் இருந்தவரை தங்கவயலில் ஒருவரும் எந்தப் பொருளையும் பில்லில் போட்ட விலைக்கு வாங்கியதில்லை. ரேடியோ வாங்குகிறவன், தையல் மெஷின் வாங்குகிறவன், கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கிறவன் எல்லோரும் முதலில் அவரைத்தான் தேடிப் போவார்கள். எப்போதும் தள்ளுபடிக் கணக்கே பேசுவதால் ஊர் வைத்த பெயர் பர்சென்ட்; சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் கீழே இறங்கும் ஷாஃப்ட் வாசலில் டோக்கன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். கூண்டில் ஏறிக் கீழே போகிறவன் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போவான். ஷிப்டு முடிந்து மேலே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வான். பலகையில் டோக்கன் மிஞ்சினால் எவனோ ஒருவன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். பர்சென்ட்டும் பல வருஷம் கீழே இறங்கியவர்தான். கல் தூசி நெஞ்சில் படிந்து மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு மேலே உட்கார வைத்துவிட்டார்கள்.

ஜன்னலில் கற்ற பாடத்தை அவர் கடைகளுக்கும் கொண்டுபோனார். தேய்ந்து கழித்துக்கட்டிய டோக்கன்கள் நாலைந்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பில்லில் ஒரு வரிக்கு ஒரு டோக்கனை மேஜைமேல் வைப்பார். அந்தக் காசு எதற்கு என்று வியாபாரி சொல்லிவிட்டால் டோக்கன் பைக்குத் திரும்பும். மிஞ்சுகிற டோக்கன், மாட்டிக்கொண்ட ஆள்.

எங்கள் கடைக்கும் ஒருமுறை பனியன் வாங்க வந்தார். அரை மணி நேரத்தில் என் அப்பா, “காசே வேணாம், எடுத்துக்கினு போங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஓசி வேணாங்க. கரெக்ட் விலைய சொல்லுங்க.”

அப்பாவுக்குக் கரெக்ட் விலை நினைவில் இல்லை. ஏற்றி இறக்கி ஏற்றியதில் மறந்தே போயிருந்தது.

பர்சென்ட் இதற்கெல்லாம் கூலி வாங்கமாட்டார். என்னிடம் மட்டும் ஒன்று கேட்டார். ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்குக் காத்திருந்தபோது, இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: “காரு வந்ததும் என்னிய ஒரு தபா வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க. சீக்கிரமா வரச் சொல்லிக்கிறாங்க. பஸ்ஸு பொகையில மலை எறங்கறதுக்குள்ள மூச்சு அடைச்சிப் பூடுது.”

அது கார்கள் விற்காமல் தேங்கிய அபூர்வமான வருஷம். பெங்களூர் ஷோரூமில் நானூறு ரூபாய் தள்ளுபடி என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு வெள்ளைக் கார்மேல் ஆசை. டை கட்டிய விற்பனைப் பையனோ மூலையில் நின்ற செம்மண் நிறக் காரைத் தடவிக்கொண்டே, “இந்தக் கலர்தான் ஸார் இப்போ பம்பாய்ல ஓடுது” என்றான்.

“அங்க ஓடுது, இங்க நிக்குதே?” என்றார் பர்சென்ட். “இத்த வித்தா ஒனக்குத் தனியா இன்னா குடுப்பாங்க, நைனா?”

பையன் திருதிருவென்று விழித்தான். அவன் வருமானத்தைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லைபோல. “அம்பது ரூபா ஸார். ஸீட் கவர்கூட, இது போகலைன்னு கம்பெனி எங்களுக்குக் குடுத்ததுதான்” என்று உளறிவிட்டான்.

“நல்லா இரு. இத்தயே எடுத்துக்கிறோம், ஒனக்கு அம்பது வரட்டும். பில்ல மட்டும் ஒழுங்கா போடு.”

வெள்ளை என்று சொல்ல நான் வாய் திறந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

பில் வந்தது. விலை, லாரிக் கூலி, இன்ஷூரன்ஸ், விற்பனை வரி: நான்கு டோக்கன். மூன்று மளமளவென்று பைக்குத் திரும்பின. வரி டோக்கன் நின்றுவிட்டது.

“நானூறு தள்ளிட்டீங்க. வரிய மட்டும் முழு விலைக்குப் போட்டுக்கீறீங்களே?”

“தள்ளுபடியைக் கம்பெனி அப்புறமா செக்கா அனுப்பும் ஸார். பில்லு முழு விலைக்குத்தான்.”

“நாங்க குடுக்காத நானூறுக்கு நாங்க எதுக்குய்யா வரி கட்டணும்? பில்லுலயே கழி. மிச்சத்துக்கு வரி போடு.”

மானேஜர் வந்தார். பில்லில் கழிக்க ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டும், மூன்று வாரமாகும், முழு வரி கட்டினால் நாளைக்கே வண்டி என்றார். வித்தியாசம் முப்பத்தெட்டு ரூபாய்.

‘முப்பத்தெட்டு ரூபாய்தானே, கட்டிவிட்டு நாளைக்கே வேலூர் போவோம்’ என்று நான் சொன்னதாக எழுத ஆசைதான். சொல்லவில்லை. ஜவுளிக்கடை ரத்தம் வாயைக் கட்டிவிட்டது. “மூணு வாரம் தாங்குவீங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

“நான் தாங்கறது இருக்கட்டும். டோக்கன் உள்ள கீதே” என்றார்.

அந்த மூன்று வாரத்தில் நான், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுப் பக்கம் வாடகை வண்டியில் ஓட்டக் கற்றேன். பர்சென்ட் இன்னும் இரண்டு முறை பெங்களூர் போய் மானேஜர் எதிரில் டோக்கனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டாவது முறை ஸ்டேஷனிலிருந்து வீடு போய்ச் சேர வழியில் ஆறு இடத்தில் நின்றார் என்று சொன்னார்கள்.

கடைசியில் ஹெட் ஆபீஸ் பணிந்தது. புது பில்லைப் பார்த்துவிட்டு, டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு, “ஏறிட்டான்” என்றார். கடைசி ஆள் மேலே வந்ததும் ஷாஃப்ட் வாசலில் சொல்கிற வார்த்தை அது.

மறுநாளே வேலூர். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் வண்டி நின்றுபோக, மறுபடி குலுக்கிக் கிளப்பினேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பர்சென்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?”

“பில்லு சரியா வரல, டாக்டர்” என்றார் பர்சென்ட்.

பொங்கல்வரை அவர் இருக்கவில்லை.

செம்மண் கார் இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளை அடித்துவிடலாமே என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். நான் கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் போய் அவர் மனைவி எதிரில் தலைகுனிந்து உட்கார்ந்தேன். “அந்த முப்பத்தெட்டு ரூபாயை நான் கட்டியிருக்கணும்மா.”

“கட்டியிருந்தா உங்களாண்ட பேசியே இருக்க மாட்டாரு. பெங்களூர்க்காரன ஜெயிச்சேன்னு போறவரிக்கும் சொல்லிக்கினு இருந்தாருங்க.”

கொஞ்சம் தைரியம் வந்தது. “என் வண்டியில வேலூர் போனதைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

அந்த அம்மாள் தயங்கினார். “சொன்னாருங்க. பஸ்ஸே தேவலயாம். குடுத்த காசுக்கு டிக்கெட்டாச்சும் கிழிச்சுக் குடுப்பானாம்.”