பால் சீட்டில் வந்த சிவப்பு

சித்தூர் முழுக்கத் தேடினாலும், தப்பை இவ்வளவு ஆசையாகச் சிங்காரித்த இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். எங்கள் சின்ன மென்பொருள் ஆபீஸில் அவருக்குப் பெயரே சிவப்பண்ணன்தான்.

புரோகிராமில் எரர் வந்தால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். அண்ணனுக்கோ, அது வெறும் வெள்ளை எழுத்தில் வந்தால்தான் கோபம். "சரியா ஓடறத எவன் பாக்கறான்? தப்பு வரசொல்ல கல்யாணப் பொண்ணு மாரி வரணும்மா" என்பார்.

கணினியில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். அங்கே ஓடுகிற புரோகிராம்கள் அதைப் படித்து எரருக்கு நிறம் பூசும். எப்போது பூசுவது? வேண்டாம், திரையில் மட்டும், எப்போதும் என்று மூன்று வழி உண்டு. அண்ணன் தீவிர 'எப்போதும்' கட்சி. நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நம் மெஷினிலும் வரியைச் சேர்த்திருப்பார். மேனேஜர் மெஷினில் எரர் சிவப்பு, எச்சரிக்கை மஞ்சள், மற்றதெல்லாம் கிளிப்பச்சை. திறந்தாலே தேர்த் திருவிழா.

நான் தனியாக எழுதிய முதல் புரோகிராம் பலமனேர் பால் சென்டருக்கு. பாலில் கொழுப்பை அளந்து சீட்டு அடிக்க வேண்டும். அது ஓடினால்தான் எனக்கு வேலை நிலைக்கும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். துணைக்கு வந்த அண்ணன், நான் ஒயர் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஆசீர்வாதம் மாதிரி தன் வரியை அங்கேயும் எழுதிவிட்டார். என்னிடம் மூச்சுவிடவில்லை.

முதலில் ஓர் எருமைக்காரர் பாலை ஊற்றினார். எங்கேயோ ஒயர் ஆடி, எரர் நேராகச் சீட்டுக்குப் போனது. பிரிண்டருக்குச் சிவப்பு ஏது? சிவப்புக்கான சங்கேத எண்ணான 31-ஐக் கொழுப்பு வர வேண்டிய இடத்தில் அப்படியே அடித்துத் தள்ளியது. எருமைக்காரர் சீட்டை உயர்த்திப் பிடித்தார்.

"டேய், நம்ம எருமைக்கு ஃபேட்டு முப்பத்தொண்ணுடா."

ஏழு வந்தாலே அங்கே பெருமை. வரிசை கலைந்தது. ஒருவர் என்ன தீவனம் என்று விசாரித்தார். இன்னொருவர் கன்றுக்கு விலை பேச ஆரம்பித்தார். சென்டர் முதலாளி என்னிடம் வந்தார். "இன்னாம்மா, பால் மிஷினு கேட்டா நெய் மிஷினு கொண்ணாந்துகீறியே. மூட்ட கட்டிக்கினு கெளம்பு."

அண்ணன்தான் முன்னே போனார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார். அதுக்குத் தெரியாம நான்தான் கலர் போட்டேன். கொஞ்சம் இருங்க."

யார் சொன்னாலும் அழிக்காத வரியைத் தன் கையாலேயே அழித்தார். அடுத்த சீட்டில் எரர் வெறும் கறுப்பில், 'ஒயரைச் சரிபார்க்கவும்' என்று தெளிவாக வந்தது. ஒயரை அழுத்திச் செருகினோம். எருமை ஆறுக்கு இறங்கியது. என் வேலை தப்பியது.

திரும்பும் பஸ்ஸில், சித்தூர் நெருங்கும்போது, அண்ணன் "கறுப்புலயே படிச்சிட்டாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது நான் திருப்பதியில் வேறு ஆபீஸில் இருக்கிறேன். என் மெஷினில் அந்த வரி இருக்கிறது, 'திரையில் மட்டும்' என்று. சிவப்பாக எரர் எட்டிப் பார்த்தால் பக்கத்து சீட்டுக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வாங்கண்ணா" என்கிறேன்.