பெட்டிக்குள் பாதி ஆள்

“நாலு மணிக்கு ராவ் பகதூர் வந்து இந்தக் கட்டில்லதான் சித்த நாழி சாய்ஞ்சுக்கப் போறார். அதுக்குள்ள அடியில இருக்கற தகரப் பெட்டி வெளியில போயாகணும்” என்றாள் விசாலாக்ஷி அம்மாள்.

சுந்தரராமன் தாயாருக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டான்.

“அது புஸ்தகப் பெட்டிம்மா.”

“புஸ்தகத்துக்கு அலமாரி இருக்கு. கட்டிலுக்கடியில ஒளிஞ்சுக்க அது என்ன தப்பு பண்ணித்து?”

கீழேயிருந்து ஆபத்சகாயமய்யரின் குரல் வந்தது. “பெட்டி பாட்டுக்குக் கிடக்கட்டுமேடி. ராவ் பகதூர் கட்டிலுக்கு மேலதானே படுக்கப் போறார்?”

“மேல வந்து பார்த்தாத்தானே உங்களுக்கு இங்க இருக்கற லட்சணம் தெரியும்? ரெண்டு வருஷமா முழங்கால் வலின்னு மாடிப்படியே ஏறலை” என்று அம்மாள் பதில் கொடுத்துவிட்டு, “மூணு மணிக்குள்ள காலி பண்ணு” என்று மகனுக்குக் கெடு வைத்து இறங்கிப் போனாள்.

அப்பாவின் முழங்காலுக்குச் சுந்தரராமன் மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொண்டான். அவனைப் பொறுத்தவரையில் அந்த வீட்டிலேயே உபகாரமான அவயவம் அதுதான்.

பெட்டிக்குள் இருந்தது புத்தகமல்ல, பாதி மனிதர். மெடிக்கல் காலேஜில் உடற்கூறு படிக்கிறவன் எலும்புகளை வீட்டில் வைத்துக்கொண்டு, தடவித் தடவிப் பாடம் பண்ணவேண்டும். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைகள் முழு ஆளாக வாங்குவார்கள். மற்றவர்களுக்கு ஒரு மண்டையோடு, ஒரு கை, ஒரு கால், ஒரு பக்கத்து விலா. மறுபக்கத்தையும் கடவுள் இதே மாதிரிதான் செய்திருப்பார் என்ற நம்பிக்கையில் படிப்பு நடக்கும்.

ஆனால் ஆபத்சகாயமய்யர் சாமானியமான தகப்பனார் அல்ல. பென்ஷன் வாங்கிய சிரஸ்தார். மயிலாப்பூர் ஆசார பரிபாலன சபையின் காரியதரிசி. ஏகாதசி தோறும் தீட்டைப் பற்றி இரண்டு மணி நேரம் பிரசங்கம் செய்வார். மகனை வைத்தியப் படிப்புக்கு அனுப்பும்போதே அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“அங்க தொட்டது அங்கேயே. ஒரு நகக்கணு இந்த வாசப்படியைத் தாண்டினாலும் அன்னியோட படிப்பு சரி.”

அதனால் எலும்பில்லாமல் படித்துச் சுந்தரராமன் இரண்டு முறை தவறினான். பிறகு துணிந்து தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தான். அதன்பின் மேலும் இரண்டு முறை தவறினான்; ஆனால் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தவறினான். ஐந்தாம் முறை தேறிவிட்டான். இன்னும் மூன்று வருஷப் படிப்பு பாக்கி. நாலு தடவை விழுந்தும் எழுந்து போனவனுக்கு, இதோ நோயாளியின் கட்டிலருகே போய் நிற்கப் போகிறோம் என்கிற இந்தச் சமயத்தில் பெட்டி திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே துணிவு வரவில்லை.

பக்கத்து வீட்டு வக்கீலின் பிள்ளை ஒரே தடவையில் பாஸ் செய்திருந்தான். அவனுக்கு ஒருவரும் கூட்டம் போடவில்லை. இங்கேயோ வாசலில் பந்தல். அழைப்பிதழை ஆபத்சகாயமய்யரே எழுதியிருந்தார்: “ஐந்து முறை படையெடுத்து உடற்கூறு சாஸ்திரத்தை ஜெயித்த சிரஞ்சீவி சுந்தரராமனின் விடாமுயற்சியைப் பாராட்டும் மகாசபை. தலைமை: ராவ் பகதூர் ஜம்புநாதய்யர்.”

“அந்த அஞ்சை எடுத்துடுங்கோளேன்” என்று அம்மாள் கெஞ்சிப் பார்த்தாள்.

“எண்ணிக்கை போடாம விடாமுயற்சின்னு எப்படித் தெரியும்?” என்றுவிட்டார்.

இரண்டு மணிக்கு அன்வர் பாஷா வந்து சேர்ந்தான். திருவல்லிக்கேணி அத்தர் வியாபாரியின் மகன். அதே பரீட்சையில் மூன்று முறை விழுந்தவன். பெட்டிக்கு அடுத்த வாரிசு அவன்தான்.

“அரே சுந்தர், இதுக்கா இப்படி வேர்க்கறே? நீ ஒரு பக்கம் பிடி, நான் ஒரு பக்கம். புஸ்தகம்னு சொல்லி எடுத்துக்கிட்டுப் போயிடலாம்” என்றான்.

பாதிப் படியில் பெட்டிக்குள் யாரோ சோழி உருட்டியதுபோல் சத்தம் கேட்டது. அன்வர் பலமாக இருமினான். அடிப்படியில் ஆபத்சகாயமய்யரும் அம்மாளும் நின்றிருந்தார்கள்.

“என்னடா சத்தம்?” என்றாள் அம்மாள்.

“மைக்கூடும்மா. புஸ்தகத்தையெல்லாம் அன்வருக்குக் கொடுக்கறேன். அடுத்த பரீட்சை எழுதறான்.”

“நல்ல காரியம். சீக்கிரம் கொண்டு போங்கோ. படியில நின்னு என்ன பேச்சு?” என்று ஆபத்சகாயமய்யர் ஒதுங்கி வழிவிட்டார்.

சுந்தரராமன் ஒரு படி இறங்கினான். அம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

“வித்யாதானத்தையா இப்படித் திருட்டுச் சாமான் மாதிரி தூக்கிண்டு போறது? சபை நடுவுல, ராவ் பகதூரே பெட்டியைத் திறந்து அவர் கையாலேயே கொடுக்கட்டும்.”

“பழைய புஸ்தகம்டி. சபையில நன்னா இருக்காது” என்றார் ஆபத்சகாயமய்யர்.

“வக்கீலாத்து மாமி முன் வரிசையில உட்காரப் போறா. நன்னாத்தான் இருக்கும்.”

ஆபத்சகாயமய்யர் அங்கவஸ்திரத்தால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெட்டியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அப்பாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது என்று சுந்தரராமன் முடிவு கட்டிவிட்டான். பெட்டி வந்த வழியே மாடிக்குத் திரும்பியது.

“ராவ் பகதூர் கையால எனக்கு மண்டையோடா?” என்று அன்வர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். “அரே, எங்க அப்பாஜானை வேற வரச் சொல்லியிருக்கேனே.”

“பெட்டிதானே சபைக்குப் போகணும்? உள்ள இருக்கறவர் போகணும்னு இல்லையே” என்றான் சுந்தரராமன்.

பாதி மனிதரைக் கோணிப்பையில் போட்டுக் கட்டி, பின்பக்கமாக வாசலுக்குக் கொண்டுபோனார்கள். பந்தலோரத்தில் வண்டிக்காரன் கபாலியின் குதிரை ஜட்கா நின்றது. கபாலி காப்பிக் கடையில் இருந்தான். வண்டிக்குள் புல் மூட்டைக்குப் பின்னால் கோணிப்பையைத் தள்ளினார்கள். பெட்டியை நிரப்பிவிட்டு வந்து, அதே வண்டியில் அன்வர் ஏறி வீட்டில் போட்டுவிட்டு வந்துவிட வேண்டியது என்பது திட்டம்.

பெட்டியை நிரப்பப் புத்தகம் வேண்டுமே. சுந்தரராமனிடம் இருந்தவை இரண்டு. ஆனால் மாடி மூலையில், ஆபத்சகாயமய்யர் எழுதி அச்சிட்ட ‘ஆசார விளக்கம்’ கூரை தொட அடுக்கியிருந்தது. வெளியான நாளிலிருந்து அந்த அடுக்கில் ஒரு பிரதிகூடக் குறைந்ததில்லை. அதிலிருந்து நூற்றிருபது பிரதிகளை அள்ளிப் பெட்டியில் போட்டு, மேலே அந்த இரண்டு வைத்தியப் புத்தகங்களையும் வைத்து மூடினார்கள்.

கீழே வந்தால் ஜட்காவைக் காணோம்.

“வண்டி எங்கப்பா?”

“ராவ் பகதூரோட மோட்டார் மக்கர் பண்றதாம். மாம்பலத்துக்கு நான்தான் கபாலியை விரட்டினேன். ஏன், உனக்கென்ன?” என்றார் ஆபத்சகாயமய்யர்.

“ஒண்ணுமில்லை” என்றான் சுந்தரராமன். உடற்கூறு பரீட்சையில் முதல் நாலு தடவையும் அவன் சொன்ன பதில் அதுதான்.

நாலேகாலுக்கு ஜட்கா திரும்பியது. ராவ் பகதூர் ஜம்புநாதய்யர், ஜரிகைத் தலைப்பாகை கூரையில் இடிக்காமல், குனிந்து இறங்கினார். இளைப்பாற நேரமில்லை என்று நேரே மேடைக்குப் போய்விட்டார். மாடி அறையும் கட்டிலும் சும்மா கிடந்தன. சுந்தரராமன் ஜட்காவை நோக்கி நகர்ந்தான். கழுத்தில் மாலை விழுந்தது. மாலையோடு அவனைப் பிடித்து மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

குடும்பப் புரோகிதர் சாம்பு சாஸ்திரிகள் ஆசீர்வாத மந்திரம் சொல்லிவிட்டு மேடையோரம் உட்கார்ந்தார். வயசானவர், சூதுவாது தெரியாதவர். முன் வரிசை முழுக்க ஆசார சபையின் அங்கத்தினர்கள்.

ராவ் பகதூர் எழுந்தார். அவர் எந்தப் பரீட்சையும் எழுதியவரல்ல. ஆனால் திவான் பகதூர் பட்டத்துக்குப் பதினோரு வருஷமாக முயன்று வருகிறவர். ஆகையால் விடாமுயற்சி என்ற சொல் வந்த இடமெல்லாம் அவர் குரல் தழுதழுத்தது.

“முதல் தடவையே பாஸ் பண்றவனுக்கு என்ன பெருமை இருக்கு? அவனுக்குப் பரீட்சையோட பழக்கமே ஏற்படறதில்லை” என்றார்.

வக்கீல் மாமி எழுந்து இடம் மாறி உட்கார்ந்தாள்.

பெட்டி வந்தது. ராவ் பகதூர் திறந்தார். மேலிருந்த இரண்டு புத்தகங்களை நகர்த்திவிட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். பிரித்தார். “பிரேதத் தீட்டும் அதன் பரிகாரமும்” என்று உரக்க வாசித்தார். இன்னொன்றை எடுத்தார். அதிலும் அதுவே.

சுந்தரராமன் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“மகாஜனங்களே, ரகசியம் இப்போ விளங்கித்து” என்றார் ராவ் பகதூர். “வெள்ளைக்காரன் புஸ்தகம் ரெண்டு, நம்ம புஸ்தகம் நூறு. இப்படிப் படிச்சவன் பாஸ் பண்ணாம வேற யார் பண்ணுவா?”

கரகோஷம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்வர் பாஷா மேடைக்கு வந்து நூற்றிருபது ‘ஆசார விளக்க’ங்களையும் இரு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“ரொம்ப நாளா இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்” என்று சொல்லிவிட்டு, முதுகு வளையப் பெட்டியோடு இறங்கினான்.

ஆபத்சகாயமய்யரின் முகத்தில் அன்று முதல் தடவையாகத் தெளிவு வந்தது. பெட்டி திறந்தபோது மூடியிருந்த கண்களை இப்போதுதான் திறந்தார். மகனைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார். சுந்தரராமனுக்கும் மூச்சு வந்தது.

அப்போது பந்தலுக்குள் கபாலி வந்தான். தோளில் கோணிப்பை.

“சாமி, கொஞ்சம் இத்த கேட்டுட்டு அப்பால கைதட்டுங்கோ. ஒரு ஆளு சவாரின்னு பேசித்தான வுட்டீங்கோ? வண்டில ரெண்டாவது ஒருத்தரு கீறாரு. குதிர மோந்து பாத்துட்டு புல்லு துன்னமாட்டேன்னு நிக்கிது. இவரு எங்க எறங்கணும்னு சொல்லிட்டா எறக்கி வுட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன்.”

“என்னடா உளர்றே?” என்றார் ராவ் பகதூர்.

“நானா ஒளர்றேன்? நீங்கதான் மாம்பலத்துலேந்து இவரு மேல கால வெச்சிக்கினு வந்தீங்கோ” என்று கபாலி மேடையேறிக் கோணிப்பையைக் கவிழ்த்தான்.

கை வந்தது, கால் வந்தது, விலா வந்தது. கடைசியாக மண்டையோடு ஜமக்காளத்தில் உருண்டு போய், தலைவரின் நாற்காலிக்கு எதிரே நிமிர்ந்து நின்றது. ராவ் பகதூர் நாற்காலி மேல் ஏறிவிட்டார். அவர் எத்தனையோ கூட்டங்களுக்குத் தலைமை வகித்திருக்கிறார். இவ்வளவு உயரத்திலிருந்து வகித்தது இது ஒன்றுதான்.

“ஐயையோ, யாருடா இது?” என்றாள் விசாலாக்ஷி அம்மாள்.

சுந்தரராமன் எழுந்தான். மாலையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

“என்னோடது. ரெண்டு வருஷமா மாடியில கட்டிலுக்கடியிலதான் இருக்கு. அன்வர் பேர்லயோ கபாலி பேர்லயோ தப்பு இல்லை. அப்பா, இது இல்லேன்னா ஆறாந்தடவையும் நான் பாஸ் பண்ணியிருக்க மாட்டேன். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கலை. படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்கோ.”

பந்தல் மொத்தமும் ஆபத்சகாயமய்யரைப் பார்த்தது. ஆசார சபையின் முன் வரிசை இன்னும் கூர்ந்து பார்த்தது. அவர் எழுந்தார். அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டார். ஏகாதசிக் குரலை வரவழைத்துக்கொண்டார்.

“என் கிருஹத்திலேயா? எனக்குத் தெரியாமலா? ரெண்டு வருஷமாவா? என்ன அநாசாரம் இது. அன்னிக்கே நான் என்ன சொன்னேன்? இன்னியோட உன் படிப்பு...”

மேடையோரத்தில் சாம்பு சாஸ்திரிகள் மெல்ல எழுந்து, மண்டையோட்டின் அருகே போய்க் குனிந்து மரியாதையாகப் பார்த்துவிட்டு, சுந்தரராமனிடம் திரும்பினார்.

“கோவமெல்லாம் அப்புறம் ஆகட்டும், இவரை இன்னிக்குத்தான் நேர்ல பார்க்கக் கொடுத்துவச்சிருக்கு, ஏண்டா சுந்தரம், பாஸ் பண்ணினவன் நீ, பார்த்துச் சொல்லு, இவர் புருஷாளா ஸ்திரீயா? ரெண்டு வருஷமா அமாவாசை தவறாம உங்கப்பா ‘மாடிப் பெட்டியில இருக்கறவருக்கு’ன்னு தனியா எள்ளும் ஜலமும் விடறார், நானும் உத்தேசமா புருஷாள்னே மந்திரத்தைச் சொல்லி ஒப்பேத்திண்டு வரேன்.”