ரெக்கார்டு மேல வெச்ச விரல்

ஒரு பாட்டை ஆயிரம் வாட்டி கேட்டவனுக்கு அந்தப் பாட்டைப் பத்தி எல்லாமே தெரியும்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க. நான் ஆயிரம் வாட்டி கேட்டவன். எனக்கு ஒரு மண்ணும் தெரியல. தெரியலைன்றதே எனக்கு எப்போ தெரிஞ்சதுன்னா, மாமல்லபுரத்துல ஒரு கஃபே ஃபுல்லா ஆளுங்க உக்காந்துகினு இருக்க, என் கைல மைக்கு இருக்கும்போது.

பேண்டு பேரு வெட் மேட்ச்பாக்ஸ். (எங்கம்மா இதை 'நனைஞ்ச தீப்பெட்டி'ன்னுதான் சொல்லும். "பேருலயே தெரியுதுடா, பத்திக்காதுன்னு.") எங்கியோ எப்பவும் மழை பேஞ்சிகினே இருக்கற ஊரு பேண்டு. மொத்தம் மூணே ஆல்பம். போட்டுட்டு ஆளுக்கு ஒரு பக்கம் போய்ட்டாங்க. ஆனா இன்னிக்கு கிடாரை மாட்டிகினு, தலைமுடியை கண்ணு மேல வுட்டுகினு சோகமா பாடற அத்தினி பேரும் இவங்க கிட்ட திருடினவங்கதான். இது நான் சொல்லல, உலகமே சொல்லுது. (சரி, நான்தான் சொல்றேன்.)

பாட்டு எனக்கு எப்படி கெடச்சுதுன்னு சொல்லிடறேன், ஏன்னா வினையே அங்கதான் கீது. பொத்தேரில காலேஜ் படிக்கும்போது என் கிளாஸ்மேட் இம்ரான் ஹாஸ்டல்ல இருந்தான். ஹாஸ்டல்ல வைஃபை ஃப்ரீ. அவன் கண்ணுல பட்டதையெல்லாம் டவுன்லோடு பண்ணி வெப்பான், எதையும் கேக்க மாட்டான். செங்கல்பட்டு பஜார்ல அவங்க வாப்பா செல்போன் கடை வெச்சிருக்காரு, அதனால ஏத்தறது எறக்கறதெல்லாம் ரத்தத்துலயே ஊறினது. ஒரு நாளு பென்டிரைவை தூக்கிப் போட்டு, "மச்சான், இங்கிலீஷ் பாட்டு கீது, உன்னை மாதிரி பீட்டர் வுடறவனுக்குத்தான் ஆவும்"ன்னான். அதுல மூணு ஆல்பமும் இருந்துச்சு. பாட்டு கேக்கற ஆப்புல தேடினா இந்த பேண்டு இல்ல, ஏதோ உரிமைத் தகராறாம். அதனால உலகத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரே வெட் மேட்ச்பாக்ஸ், இம்ரான் குடுத்த வெட் மேட்ச்பாக்ஸ்தான்.

மூணு ஆல்பத்தையும் பொத்தேரிக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவுல லோக்கல் ட்ரெயின்ல நின்னுகினேதான் கேட்டேன். முதல் ஆல்பம் 'பேக் டோர்'. கிடாரு தகர ஷெட்டு மேல ஆலங்கட்டி வுழற மாதிரி இருக்கும். ரெண்டாவது 'சால்ட் ஆபீஸ்'. இதுலதான் பேஸ் கிடாரு முன்னாடி வந்து நிக்கும், மத்ததெல்லாம் பின்னாடி கைய கட்டிகினு நிக்கும். பாட்டு முழுக்க அடக்கி அடக்கி வெச்சிட்டு, ஒரே ஒரு எடத்துல வுடுவாங்க பாருங்க, முதுகுத்தண்டுல எறும்பு ஓடும். மூணாவது 'நோபடிஸ் அங்கிள்'. அதுல பாதி நேரம் யாரும் வாசிக்கவே மாட்டாங்க. நாற்காலி கிரீச்சுங்கற சத்தம்கூட கேக்கும். ஆனா அதுதான் வெயிட்டு.

இதெல்லாத்துக்கும் மேல, பாடற ராபினோட குரலு. என் தலைவன். கனமா, கரகரன்னு, கெணத்துக்குள்ள இருந்து தண்ணி சேந்தற மாதிரி ஒரு குரலு. ஒரு சுரத்தை புடிச்சா வுடவே மாட்டாரு. ஒரு மனுசனால எப்படிடா இவ்ளோ நேரம் மூச்சை இழுத்து வெக்க முடியும்னு மண்டை காஞ்சி, பரனூர் தாண்டி ட்ரெயின்ல நானே ட்ரை பண்ணேன். பக்கத்துல பூக்கூடை வெச்சிகினு உக்காந்திருந்த அக்கா, "இன்னா தம்பி, வீசிங்கா?"ன்னு தண்ணி பாட்டலை நீட்டிச்சு.

இன்னொரு மர்மமும் இருந்துச்சு. என் தங்கச்சி ஜெனி சர்ச்சுல கீபோர்டு வாசிக்கும். எந்தப் பாட்டு போட்டாலும் ரெண்டு நிமிசத்துல புடிச்சிடும். என் பாட்டு மட்டும் புடிபடவே இல்ல. ஒரு கட்டையை அமுக்கினா கொஞ்சம் மேல கீது, பக்கத்து கட்டையை அமுக்கினா கொஞ்சம் கீழ கீது.

"அண்ணா, இவங்க பாட்டு ரெண்டு கட்டைக்கு நடுவுல கீதுண்ணா. அப்படி ஒரு எடமே கிடையாது."

"அதான் ஜெனி ஜீனியஸ்ன்றது! கட்டை இல்லாத எடத்துல பாடறாங்க பாரு!"

"எல்லா பாட்டுமா?"

"எல்லா பாட்டும். கொள்கை."

(அந்த 'எல்லா பாட்டுமா'ல ஒரு நிமிசம் நின்னு யோசிச்சிருந்தா இந்தக் கட்டுரையே இல்ல.)

யோசிக்கறதுக்கு பதிலா நான் எழுதினேன். இன்ஸ்டாக்ராம்ல பேஜ் ஆரம்பிச்சு பக்கம் பக்கமா விமர்சனம். தலைவனோட மூச்சு, தலைவனோட ஆம்பளை சோகம், கட்டைக்கு நடுவுல ஒரு கலகம்னு. பேட்டி, வரலாறு எதையும் படிக்க மாட்டேன்னு சபதம் வேற. 'கலைஞனை காதால மட்டும் பாக்கணும்'னு கேப்ஷன் போட்டேன். ஆல்பம் அட்டைலயும் மூஞ்சி இருக்காது: ஒண்ணுல கதவு, ஒண்ணுல உப்பு மூட்டை, ஒண்ணுல காலி நாற்காலி. ஃபாலோயர்ஸ்ல பாதி என் சித்தப்பா பசங்க. அவனுங்க படிக்காமலே ஹார்ட் போடுவானுங்க.

பி.காம் முடிச்சும் இதேதான் பண்ணிகினு இருந்தேன். எங்கப்பா கம்பெனி பஸ் டிரைவர், செங்கல்பட்டுலேர்ந்து ஃபேக்டரிக்கு ஆளு ஏத்திகினு ஜி.எஸ்.டி ரோட்ல ஓட்டறவரு. ஷிஃப்டு முடிஞ்சி வூட்டுக்கு வந்தா நான் இயர்ஃபோனோட மல்லாந்து கிடப்பேன். ஒரு நாளு பொறுக்க முடியாம நின்னாரு.

"டேய், மதுராந்தகத்துல நெல்லு மண்டில கணக்கு பாக்க ஆளு கேக்கறாங்கோ. திங்கக்கெழம போற."

"அப்பா, நான் மியூசிக் லைன்ல போறேன்பா."

"எந்த லைனு? கேக்கறது ஒரு லைனா? சரி, இந்த தீப்பெட்டிய கேட்டதுக்காக எவனாச்சும் ஒருத்தன் உன்னை வேலைக்கு கூப்புடட்டும், நான் வாய மூடிக்கறேன். இல்லையா, மண்டி."

அந்த வாரமே கூப்புட்டாங்க! (யேசப்பா என் பக்கம்தான்னு நெனச்சேன். அவரு வேற பிளான்ல இருந்தாரு.) மாமல்லபுரம் பீச்சுக்கிட்ட கஃபே வெச்சிருக்கற மீரா அக்கா மெசேஜ் பண்ணாங்க. வெளிநாட்ல வேலை பாத்துட்டு, ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரு பொட்டி ரெக்கார்டுமா திரும்பி வந்தவங்க. 'உன் பேஜ் பாத்தேன், வெட் மேட்ச்பாக்ஸுக்கு இந்தப் பக்கம் ஒரு ரசிகன் இருக்கான்றதே ஆச்சரியம். ஞாயித்துக்கெழம சாயந்திரம் 'சால்ட் ஆபீஸ்' ரெக்கார்டு போடறோம், வந்து அறிமுகம் பண்ணி பேசு. நல்லா போச்சுன்னா கஃபேல மியூசிக் பாத்துக்கற வேலை உனக்குத்தான்.'

இம்ரான் பைக்ல திருக்கழுக்குன்றம் வழியா ட்ரிபிள்ஸ் போனோம். நடுவுல ஜெனி, அம்மாவோட கண்காணிப்பு கேமரா. நான் கறுப்பு சட்டை, மே மாச வெயில்ல. போய்ச் சேரும்போது சட்டைல உப்பளமே விளைஞ்சிருந்துச்சு.

கஃபேல நல்ல கூட்டம். சர்ஃபிங் முடிச்சிட்டு ஈரத் தலையோட கொஞ்சம் பேரு, ஈசிஆர்ல கார்ல வந்தவங்க கொஞ்சம் பேரு. நான் ரெக்கார்டு பிளேயரை நேர்ல பாக்கறது அதான் முதல் தடவை. தோசைக்கல்லு மாதிரி ஒண்ணு சுத்தும், அதுமேல ஊசி நிக்கும். ஆனா மூஞ்சில, 'எங்க வூட்ல இது மாதிரி ரெண்டு கீது'ன்ற எக்ஸ்பிரஷன்.

மைக்கை புடிச்சேன். கட்டைக்கு நடுவுல கலகத்தைப் பத்தி பேசினேன். மூச்சைப் பத்தி பேசினேன். நல்லாவே பேசினேன்னு வெக்கமில்லாம சொல்லுவேன். கைதட்டினாங்க. "இப்போ கேளுங்க"ன்னு கைய ஸ்டைலா நீட்டினேன். மீரா அக்கா ஊசியை வெச்சாங்க.

கர கரன்னு சத்தம். அப்புறம் டிரம்ஸ் ஓடி வந்துச்சு. ஓடி! எனக்குத் தெரிஞ்சு அந்த டிரம்ஸ் நடந்துதான் வரும். கிடாரு துள்ளுது. அப்புறம் குரலு. மெலிசா, சுறுசுறுப்பா, ஓரத்துல சிரிப்பு ஒளிஞ்சிகினு இருக்கற குரலு.

"அக்கா! ஸ்பீடு தப்பா வெச்சிட்டீங்க!"

"இல்லியே சாமு. நிமிசத்துக்கு முப்பத்திமூணு சுத்து, கரெக்டாதான் இருக்கு."

"வேகமா ஓடுதுக்கா. பொம்பளை பாடற மாதிரி கேக்குது பாருங்க!"

கூட்டத்துல ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் பாத்துகினாங்க. அதை நான், 'ஆமால்ல, கரெக்டா கண்டுபுடிச்சிட்டான்'னு எடுத்துகினேன். மூணு வருசம் கேட்டவன் நானு, மிசின் சொல்றதையா நம்புவேன்? கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கரை சுண்டற விரலு இருக்குல்ல, அந்த விரலை சுத்திகினு இருந்த ரெக்கார்டு ஓரத்துல வெச்சு மெதுவா அமுக்கினேன். குரலு எறங்குச்சு. எறங்கி, எறங்கி, கெணத்துக்குள்ள போச்சு. என் தலைவன்!

"கேளுங்க! இதான் ஒரிஜினல்! தலைவன் வந்துட்டாரு! மூச்சைப் பாருங்க!"

பின்னாடிலேர்ந்து ஜெனி எழுந்து கத்துச்சு. கைல போனு, போன்ல கீபோர்டு ஆப்பு. "அண்ணா, விரலை எடுண்ணா! நீ அமுக்கறதுக்கு முன்னாடிதான் எல்லாம் கட்டை மேல கரெக்டா வுழுந்துச்சு!"

மீரா அக்கா பதறி வந்து என் கைய புடிச்சு இழுத்தாங்க. ஊசி குறுக்கால 'சர்ர்ர்ரக்'. வெளிய அலை அடிக்கறது மட்டும் கேக்குது.

"சாமு," அக்கா ரொம்ப மெதுவா கேட்டாங்க, "யாரு தலைவன்?"

"ராபின்தான்கா."

"ராபின் பொண்ணுடா."

நான் மைக்குல, தெளிவா, கூட்டமே கேக்கற மாதிரி சொன்ன பதிலு: "நான் கேட்டதுல ஆம்பளைதான்கா."

வெடிச்சிது பாருங்க சிரிப்பு. முன்னாடி உக்காந்திருந்த தாடிக்காரரு காபிய மூக்கு வழியா வுட்டாரு. அக்கா ரெக்கார்டு உறைக்குள்ள இருந்து ஒரு படத்தை உருவி காமிச்சாங்க. கிராப்பு வெட்டின ஒரு பொண்ணு, முன்பல்லுல ஓட்டை, மடில கிடாரு, உலகத்துல ஒரு கவலையும் இல்லாம சிரிச்சிகினு கீது. இந்த மூஞ்சியோட 'ஆம்பளை சோக'த்துக்குத்தான் நான் மூணு வருசமா கண்ணு கலங்கினது.

"நீ தலைவன், ஆம்பளை சோகம்னு எழுதறதெல்லாம் சும்மா கெத்துக்குன்னு நெனச்சேன்டா"ன்னாங்க அக்கா.

நான் திரும்பி இம்ரானைப் பாத்தேன். வயித்தைப் புடிச்சிகினு கீறான். "மச்சான், நான் டவுன்லோடு பண்ண சேனல்காரன், காப்பிரைட்ல மாட்டக்கூடாதுன்னு ஸ்பீடை கம்மி பண்ணி போட்டிருப்பான்டா. எல்லாரும் பண்றதுதான்."

"ஏன்டா சொல்லல?"

"எனக்கு எப்படிடா தெரியும்? நான் என்னிக்கு அந்தக் கருமத்தை கேட்டேன்?"

மூச்சு மர்மம், கட்டை மர்மம், கொள்கை, கலகம், எல்லாம் ஒரே செகண்டுல பூட்ச்சு. ஆனா அப்போதான் மீரா அக்கா ஒண்ணு பண்ணாங்க. "நீ கேட்டது எப்படித்தான் இருக்கும், போட்டுக் காட்டு"ன்னு என் போனை ஸ்பீக்கர்ல சொருகினாங்க. சிரிச்சிகினு இருந்தவங்க எல்லாம் கொஞ்ச நேரத்துல கம்முன்னு ஆயிட்டாங்க. அந்த ராட்சசக் குரலு மெதுவா கஃபே முழுக்க பரவுது. தாடிக்காரரு கண்ண மூடிகினாரு. முடிஞ்சதும், "இது வேற பேண்டுங்க"ன்னாரு. "நல்ல பேண்டு."

கெளம்பும்போது வேலையைப் பத்தி இழுத்தேன். அக்கா முதுகுல ஒரு தட்டு தட்டினாங்க. "சாமு, நீ இன்னும் வெட் மேட்ச்பாக்ஸை கேக்கவே இல்லியேடா. கேட்டுட்டு வா." ரெக்கார்டுலேர்ந்து எடுத்து வெச்சிருந்த ஒரிஜினலை போன்ல ஏத்திக் குடுத்தாங்க. வேலை வேற ஒருத்தனுக்குப் போச்சு. படிச்சுட்டு வந்து பேசறவன். (அவனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதா இல்ல.)

திங்கக்கெழம காலைல மதுராந்தகம் ட்ரெயின்ல, மண்டிக்குப் போகும்போது, மூணு ஆல்பத்தையும் முதல் வாட்டி கேட்டேன். ஒரு ஆளு தனக்குப் புடிச்ச பேண்டை ரெண்டு தடவை புதுசா கேக்க முடியுமா? எனக்குக் கெடச்சுது. 'சால்ட் ஆபீஸ்'ல வூட்டு சாவி தொலையற பாட்டு ஒண்ணு கீது. அது தொலைஞ்ச காதலோட சாவின்னு நான் பக்கம் பக்கமா எழுதினது. சரியான ஸ்பீடுல கேட்டா, காய்கறிப் பையோட வாசல்ல மாட்டிகினு ஒரு பொண்ணு கடுப்புல கத்துது, அவ்ளோதான். கூட்டத்துல நின்னுகினே சிரிச்சிட்டேன். ஆனா மூணாவது ஆல்பம் அந்த ஸ்பீடுலயும் வெயிட்டாதான் இருந்துச்சு. அதுல மட்டும் எனக்கு கொஞ்சம் நிம்மதி.

இப்போ நான் மண்டிலதான் கீறேன். ஞாயித்துக்கெழம கஃபேக்குப் போவேன், கடைசி வரிசைல உக்காருவேன், எதையும் தொட மாட்டேன். அன்னிக்கு ஊசி இழுத்த கோடு ரெக்கார்டுல அப்படியே கீது. ரெண்டாவது பாட்டுல ஒரு 'டிக்' வரும். வந்ததும் மீரா அக்கா புதுசா வந்தவங்க கிட்ட என்னை கை காட்டுவாங்க.

வூட்ல கதை வேற. விசயம் கேட்டதும் அப்பா சாப்பிட்ட கையோட எழுந்து நின்னாரு. "நான் ஒரு டிரைவரு. என் புள்ளைக்கு மூணு வருசமா ஸ்பீடு தெரியல." அதுக்கப்புறம் வூட்ல எவன் வேகமா பேசினாலும், கத்தினாலும், ஜெனி வந்து ஒத்தை விரலை தோள் மேல வெச்சு அமுக்கும். நெலமை எப்படின்னா, சர்ச்சுல பாஸ்டர் பிரசங்கம் வேகமெடுத்தா அம்மாவே விரலைத் தூக்கிப் பாத்துக்குது.

அப்பா மேல மட்டும் யாரும் வெச்சதில்ல. போன வாரம், நான் மண்டிக்கு லேட்டா எழுந்ததுக்கு அவரு நின்னுகினு வெளுத்து வாங்கிகினு இருந்தாரு. ஜெனி பின்னாடி போயி, பயந்துகினே, அவரு தோள்ல விரலை வெச்சிடுச்சு. அம்மா கரண்டியோட அப்படியே நின்னுச்சு. அப்பா நிறுத்தினாரு. விரலைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. அப்புறம் கெணத்துக்குள்ள இருந்து வர்ற குரல்ல, இழுத்து இழுத்து,

"எழுந்...து... போ...டாஆஆ... சா...மூஊஊ..."

சத்தியமா சொல்றேன், மூணு வருசம் நான் கேட்ட என் தலைவன் குரலு அதேதான்.